கருப்பனும் பம்புசெட் தொட்டியும்

போன தடவை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பரோட்டாவைப் பற்றி எழுதியதைப் படித்தவர்கள், இந்தத் தடவையும் சாப்பாட்டு மேட்டர்தான் என்று நினைத்து வந்திருந்தால், சாரி. இந்தத் தடவை நாய். அதுவும் தண்ணீருக்குள் நடந்து நடந்தே கால் தேறிய ஒரு நாட்டு நாய். ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது "நாய்க்கு நீச்சல் கோச்சிங்கா? மாசம் என்னடா ஃபீஸ்?" என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். அந்த மகானுபாவர்களுக்காகவும், கால் அடிபட்ட நாயை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் யாரோ ஒருவருக்காகவும் விவரமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் நாயகன் அறிமுகம். பெயர் கருப்பன். கடலூரில் எங்கள் வீட்டில் வளர்கிறான். அப்போது வயது மூன்று, எடை 17 கிலோ. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. சுத்தமான தெரு நாய் வம்சம். 2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், தெருமுனையில் ஒரு பைக் இவன் மேல் ஏறிவிட்டது. வலது பின்னங்காலில், தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் பந்து மாதிரி ஒரு தலைப்பகுதி இருக்கும். அது உடைந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு கால்நடை அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, உடைந்த பந்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றார்.

"பந்தையே எடுத்துட்டா கால் எப்படி சார் நிக்கும்?" என்று அப்பா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

விஷயம் இதுதான். இந்த அறுவையில் செயற்கை மூட்டு எதுவும் வைப்பதில்லை. எலும்பின் தலையை எடுத்த இடத்தில், சுற்றியிருக்கும் தசையும் நாரும் சேர்ந்து தாமாகவே ஒரு பொய் மூட்டை உண்டாக்கிக்கொள்ளும். சின்ன, நடுத்தர எடையுள்ள நாய்களுக்கு அது போதும். ஆனால் அந்தப் பொய் மூட்டு நன்றாக அமைய ஒரு நிபந்தனை உண்டு. நாய் அந்தக் காலைப் பயன்படுத்த வேண்டும். காயம் ஆறியதும், தினமும். பயன்படுத்தாவிட்டால் தொடை சூம்பும், இடுப்பு இறுகும், கால் பின்பக்கம் நீளவே நீளாது. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "என் வேலை இன்னைக்கு முடிஞ்சிடும் தம்பி. மீதி ரெண்டு மாசம் உங்க வேலை."

இங்கேதான் சிக்கல். மனிதனுக்கு ஒரு கால் போனால் படுத்துவிடுவான், இல்லை ஊன்றுகோல் எடுப்பான். நாய் மூன்று காலில் ஜாலியாக ஓடும். கருப்பன் தையல் பிரிப்பதற்கு முன்பே மூன்று காலில் கேட் வரை ஓடிப்போய் கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக் குரைத்தான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "அதான் ஓடுதே, இனிமே அத ஏன்டா படுத்தற" என்றார் அம்மா. ஆனால் ஓடும்போது அந்த வலது கால் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. தையல்கார டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தேன். இடது 31 செ.மீ., வலது 26 செ.மீ. மூன்றே வாரத்தில் இந்த வித்தியாசம். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் அவனுக்கு நிரந்தரமாக மூன்று கால்தான். சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு எடை ஏறும், மீதி மூன்று காலும் சீக்கிரம் தேயும்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் சொன்ன வழி: "காயம் முழுசா ஆறினதும் தண்ணியில நடக்க விடுங்க."

வெளிநாடுகளில் இதற்கென்றே மெஷின் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ட்ரெட்மில். நாயை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தி, வெதுவெதுப்பான தண்ணீரை வேண்டிய உயரத்துக்கு நிரப்பி, பட்டையை மெதுவாக ஓட விடுவார்கள். நாய்க்கான பிசியோதெரபி தனிப் படிப்பாக வளர்ந்தது சமீபத்தில்தான். இதற்கான முதல் சர்வதேசக் கருத்தரங்கு 1999ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் நடந்தது. மனிதர்களுக்கு இது பழைய விஷயம். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1921ல் இரண்டு காலும் செயலிழந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சுமார் 31 டிகிரி வெப்பத்தில் இயற்கையாகவே ஊற்று நீர் வருகிறது என்று கேள்விப்பட்டு 1924ல் அங்கே போனார். தரையில் நிற்க முடியாதவர் அந்தத் தண்ணீரில் நின்றார். 1926ல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கி, போலியோ நோயாளிகளுக்கான மையமாக்கினார். அவர் நோய் குணமாகவில்லை. ஆனால் தண்ணீருக்குள் கால் என்ன செய்யும் என்பதை உலகம் பார்த்தது.

தண்ணீரில் அப்படி என்ன மந்திரம்? ஒன்றுமில்லை. பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த ஆர்க்கிமிடிஸ்தான். 2010ல் வெளியான ஒரு ஆய்வில் நாய்களை வெவ்வேறு உயரத் தண்ணீரில் நிறுத்தி, கால்கள் தரையில் எவ்வளவு எடையை அழுத்துகின்றன என்று அளந்தார்கள். பின்னங்கால் கணுக்கால் வரை தண்ணீர் இருந்தால் 91 சதவீதம் எடை. முழங்கால் மட்டத்துக்கு வந்தால் 85 சதவீதம். இடுப்பு மட்டத்துக்கு வந்தால் வெறும் 38 சதவீதம்! முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

கருப்பனுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாய் நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில், 40 சதவீதம் பின்னங்கால்களில். 17 கிலோவில் பின்னங்கால் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 3.4 கிலோ. இடுப்பளவு தண்ணீரில் அது தோராயமாக 1.3 கிலோ. வலிக்குப் பயந்து காலைத் தூக்கிக்கொள்கிறவன், இவ்வளவு குறைந்த எடை என்றால் ஊன்றிப் பார்ப்பான். அதே சமயம் காலை முன்னே பின்னே நகர்த்தும்போது தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். அதனால் தசைக்கு வேலை. மூட்டுக்கு ஓய்வு, தசைக்கு வேலை. தரையில் இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

சரி, தண்ணீருக்கு எங்கே போவது? கடலூர்க்காரனைப் பார்த்து இதைக் கேட்டால் சிரிப்பான். ஊர் பெயரிலேயே கடல். கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு என்று மூன்று ஆறு. படிக்கிற ஊரான சிதம்பரத்திலோ வெள்ளாறு, கொள்ளிடம், கான்சாகிப் வாய்க்கால், கொஞ்சம் தள்ளி பிச்சாவரம். ஆளாளுக்கு ஐடியா கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

1) வெள்ளி கடற்கரை. தெருவில் பாதிப் பேர் சொன்னது இதுதான். "தேவனாம்பட்டினத்துக்குக் கொண்டுபோய் அலையில தூக்கிப் போடு, நாய் தானா நீந்தும்." நீந்தும், சரி. ஆனால் ஒரு அலை வந்து பக்கவாட்டில் புரட்டினால், ஆறாத இடுப்பு என்னவாகும்? காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டே போகும். நாய் உப்புத் தண்ணீரை விழுங்கும். கொஞ்சம் என்றால் வாந்தி பேதியோடு போகும், அதிகமானால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்து உயிரே போகலாம். கடல் கட்.

2) கெடிலமும் உப்பனாறும். கெடிலத்தில் வருடத்தில் பாதி நாள் தண்ணீரே இருக்காது, இருக்கிற இடத்தில் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்திருக்கும். உப்பனாறு சிப்காட் ஓரமாக ஓடுகிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

3) பழைய கொள்ளிடம். என் ரூம்மேட் ஒருவனின் ஊர் அந்தப் பக்கம். "எங்க ஊருக்குக் கூட்டிட்டு வா, தண்ணி சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றான். பக்கத்தில் இருந்தவன் உடனே, "ஆமா, முதலை வந்து கையப் புடிச்சு நீச்சல் சொல்லிக் குடுக்கும்" என்றான். ஜோக் இல்லை. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள பழைய கொள்ளிடக் கரை கிராமங்களில் முதலைகள் உண்டு. குளிக்கப் போன மனிதர்களையே இழுத்துப் போயிருக்கின்றன. வனத்துறை பிடிக்கிற முதலைகளை வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். கொள்ளிடமும் கட்.

4) குளம், குட்டை. கோயில் குளத்தில் நாயை இறக்கினால் எனக்கே பிசியோதெரபி தேவைப்படும். ஊர்க் குட்டைகளில் வேறு ஒரு பயம், எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். புண் இருந்தால் அதன் வழியாகச் சுலபமாக உள்ளே போகும்.

இப்படி எல்லாவற்றையும் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தப்பா ஞாபகம் வந்தது. நெல்லிக்குப்பம் பக்கத்தில் அவருக்குக் கரும்புக் கொல்லை இருக்கிறது. போர் இருக்கிறது. மோட்டார் கொட்டகைக்கு முன்னால் பத்தடி நீளம், ஆறடி அகலத்தில் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் நாங்கள் கும்மாளம் போட்ட அதே தொட்டி.

போன் செய்தேன். "சித்தப்பா, கருப்பன உங்க தொட்டியில நடக்க விடணும். ரெண்டு மாசம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாயிக்குக் காலு சரியாவும்னா கொண்டாடா. ஊர்ல கேட்டா நான் என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார்.

இந்தத் தொட்டியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. நாய் நீச்சல் மையங்களில் தண்ணீரைக் கிட்டத்தட்ட 30 டிகிரிக்குச் சூடாக்கி வைப்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் தசை இறுகிவிடும் என்பதால். குளிர் நாடுகளில் அதற்குக் கரண்ட் பில்லே எகிறும். நம் ஊரில் பூமிக்கடியில் இருக்கும் தண்ணீர், வருடம் முழுவதும் ஊரின் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். ஆழமான போரில் அதைவிடச் சற்று அதிகம். கடலூர் மணற்கல் என்று நிலவியலில் ஒரு பாறை அடுக்குக்கே எங்கள் ஊர்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலி பழுப்பு நிலக்கரி கிடைப்பதும் அந்த அடுக்கில்தான். அதற்குள் தேங்கியிருக்கும் தண்ணீரைத்தான் இந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் பல மேலே கொண்டுவருகின்றன. பிப்ரவரி காலையில் மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து ஆவி பறக்கும், பார்த்திருப்பீர்கள். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 30 டிகிரி! ரூஸ்வெல்ட் தேடிப் போனதற்கு ஒரு டிகிரிதான் குறைவு.

செய்தது இவ்வளவுதான். தொட்டியின் அடியில் இருந்த பாசியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். வழுக்காமல் இருக்கப் பழைய ரப்பர் மேட் இரண்டு. கருப்பனின் இடுப்பு உயரத்தை அளந்து, சுவரில் அந்த மட்டத்துக்கு ஒரு கோடு. கோடு வரை தண்ணீர் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி சித்தப்பா பையில் போட்டுக்கொள்வார். தண்ணீரில் ஆள் இருக்கும்போது கரண்ட் விஷயத்தில் விளையாடக் கூடாது என்பது அவர் சட்டம். தினமும் புதுத் தண்ணீர். முடிந்ததும் திறந்துவிட்டால் கரும்புக்குப் பாயும். ஒரு சொட்டு வீணில்லை.

முதல் நாள் நான் தொட்டிக்குள் இறங்கி நின்றேன். சித்தப்பா அவனைத் தூக்கிக் கையில் கொடுத்தார். குதிக்க விடவில்லை. பழைய வேட்டியை வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டேன். அவன் நடுங்கினான், என்னைப் பார்த்தான், துரோகி என்கிற மாதிரி. தங்கச்சி எதிர்ச் சுவரில் உட்கார்ந்து வேகவைத்த கோழி ஈரலைக் காட்டினாள். ஒரு அடி. இரண்டு அடி. நான்காவது அடியில் அந்த வலது கால் கீழே இறங்கித் தரையைத் தொட்டது. மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்த கால். "ஊணிட்டான்டா!" என்று சித்தப்பா போட்ட சத்தத்தில் கரும்புக்குள் இருந்த கொக்கு பறந்தது.

முதல் வாரம் இரண்டு நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, கடைசியில் பத்துப் பத்து நிமிடம். நான் திங்கள் முதல் வெள்ளி வரை சிதம்பரத்தில் கிளாஸில் இருப்பேன் என்பதால், அந்த நாட்களில் சித்தப்பாவும் தங்கச்சியும். சனி ஞாயிறு நான். முடிந்ததும் நன்றாகத் துடைத்து, காதுக்குள் ஈரம் இல்லாமல் பஞ்சால் ஒற்றி எடுத்து, வெயிலில் கொஞ்ச நேரம்.

நான்காவது வாரம், தண்ணீரை இன்னும் ஏற்றி நீந்த விட்டால் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். "விட்டுப் பாருங்க, பின்னங்கால் என்ன செய்யுதுன்னு மட்டும் கவனிங்க" என்றார். கவனித்தேன். கருப்பன் அழகாகத்தான் நீந்தினான். ஆனால் முன்னங்கால் இரண்டும் துடுப்புப் போட, பின்னங்கால் சும்மா மடங்கியபடி கூடவே போனது. 2003ல் அமெரிக்காவில் முழங்கால் அறுவை செய்த நாய்களையும் ஆரோக்கியமான நாய்களையும் நீந்தவும் நடக்கவும் விட்டுப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். நீந்தும்போது மூட்டுகளின் அசைவு அதிகம்தான். ஆனால் அந்த அதிகம் பெரும்பாலும் மடங்குவதில் வந்தது. முழங்கால் இறுகிய நாய்க்கு அது நல்ல மருந்து. கருப்பனுக்கு வேண்டியதோ வேறு. இடுப்பு பின்னோக்கி நீள வேண்டும், பாதம் தரையை உதைக்க வேண்டும். அதற்கு அடியில் தரை வேண்டும். ஆகவே மறுநாளிலிருந்து பழையபடி கோடு மட்டும் தண்ணீர், நடை.

நான் இதில் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான். 'நாயை நீந்த விடு' என்பது வைத்தியம் அல்ல. எந்தக் கால், எந்த மூட்டு, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்று தெரிந்தால்தான் தண்ணீர் மருந்து. இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர், சில சமயம் ஆபத்தும்கூட.

எட்டு வாரம் முடிந்தபோது டேப் சொன்னது: இடது 31, வலது 29. தரையில் நான்கு காலும் பட நடந்தான். வேகமாக ஓடும்போது இன்றைக்கும் சில அடிக்கு ஒரு தரம் வலது காலைத் தூக்கிக்கொள்வான். அது போகாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். இதற்காக அவனை ஊனம் என்று சொன்னால் அவனே சிரிப்பான்.

அந்த வருடக் கடைசியில் ஃபெஞ்சல் புயல். 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர், தென்பெண்ணை வழியாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. தெருவில் முழங்காலளவு, வாசல் தாண்டி உள்ளே. அம்மா அரிசி மூட்டையைப் பிடிக்க, அப்பா சிலிண்டரைத் தூக்க, நான் புத்தகங்களை அள்ள, ஒருவருக்கும் நாயைத் தூக்க ஒரு கை மிச்சமில்லை. திரும்பிப் பார்த்தால் கருப்பன் மாடிப்படியில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பதினெட்டுப் படி. வலது காலை ஊன்றி, உதைத்து, ஏறினான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில், தார்ப்பாய்க்கு அடியில், எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத்தான் சாப்பாடு வைத்தார்.

இனி, செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு முக்கியமான சில குறிப்புகள். நான் டாக்டர் இல்லை. எங்கள் டாக்டர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

* தையல் பிரித்து, காயம் முழுசாக மூடாமல் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. காய்ச்சல், தோல் புண், காதில் சீழ், இதயக் கோளாறு, வலிப்பு உள்ள நாய்களுக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

* பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சு வாங்குவதே பெரும்பாடு. தண்ணீரில் இன்னும் சிரமம். சிப்பிப்பாறை மாதிரி கொழுப்பே இல்லாத ஒல்லி நாய்கள் சுலபமாக மிதக்காது. லைஃப் ஜாக்கெட் போடுங்கள். எல்லா நாய்க்கும் பிறவியிலேயே நீச்சல் தெரியும் என்பது கதை.

* வாயைத் திறந்துகொண்டு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் உடனே வெளியே எடுங்கள். நல்ல தண்ணீர்கூட அளவுக்கு மீறி உள்ளே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து நாய் தள்ளாடும், மயங்கும்.

* சாப்பிட்ட உடனே இறக்காதீர்கள். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும், எப்போதும்.

* தொட்டி இல்லாதவர்களுக்கு: குட்டி நாய் என்றால் துணி ஊற வைக்கிற பெரிய டப்பே போதும். நின்றுகொண்டே எடையைக் கால் மாற்றி மாற்றிப் போட்டாலும் அது பயிற்சிதான்.

கடலூர், சிதம்பரம் பக்கம் இருப்பவர்கள் எலும்பு அறுவை மாதிரி பெரிய வைத்தியம் என்றால் புதுச்சேரி குரும்பபேட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ, 1903ல் தொடங்கிய, வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியையோ விசாரித்துப் பாருங்கள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நாய் மூன்று காலில் ஓடுகிறதே என்று மட்டும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஒரு டேப் எடுத்துத் தொடையை அளந்து பாருங்கள். அப்புறம் உங்கள் சொந்தத்தில் யாருக்குக் கொல்லை இருக்கிறது, தொட்டி இருக்கிறது என்று யோசியுங்கள். நம் ஜில்லாவில் எப்படியும் ஒரு சித்தப்பா இருப்பார்.

அடுத்த தடவை கண்டிப்பாகச் சாப்பாடு பற்றித்தான். வரட்டா?